நெபுனியே

சூட்கேஸை இழுத்தபடி ஷீலா சிட்லபாக்கம் வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்தில் அப்பா தாவீது ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். பக்கத்தில் அம்மா இல்லை.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பி ஜெபகுமாரைக் கேட்டாள். "அம்மா எங்கடா?"

"கிச்சன்ல. நேத்துலேர்ந்து அப்பாகிட்டயே வரல. என் தப்புதான்க்கா." குரலைத் தாழ்த்தினான். "அப்பா மீன் கொழம்பு ஊத்தித் தின்னுகினு இருந்தாரு. திடீர்னு அம்மாவப் பாத்து 'நெபுனியே'ன்னாராம். அப்படியே சாஞ்சுட்டாரு. அதுக்கு இன்னா அர்த்தம்னு அம்மா கேட்டுச்சு. போன்ல தேடினேன். ருமேனியா பாஷைல பைத்தியம்னு போட்டிருந்துச்சு."

"அப்படியே சொல்லிட்டியா?"

"கேட்டுச்சே."

ஷீலாவுக்கு அந்த நேரத்திலும் உதட்டோரம் சிரிப்பு துடித்தது. புக்காரெஸ்டில் ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறவள் அவள். வீடியோ காலில் அப்பாவுக்கு அந்த வார்த்தையைக் கொடுத்ததே அவள்தான்.

கிச்சனில் அம்மா எல்லம்மா கேஸ் சிலிண்டரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை.

"இத்தினி வருஷம் ஆக்கிப் போட்டேன். போற நேரத்துல பைத்தியம்னுட்டுப் போறாரு. அதையும் எவனோ பேசற பாஷைல. உங்கப்பனுக்குத் தமிழ்ல திட்டத் தெரியாதாக்கும்."

"திட்டே இல்லம்மா. பைத்தியம்னுதான் அர்த்தம். ஆனா அங்க சாப்பாடு ரொம்ப நல்லா அமைஞ்சா நெபுனியேன்னுதான் சொல்வாங்க. நம்ம ஜெபா பிரியாணி தின்னுட்டு மரண டேஸ்ட்டுன்னு..." ஷீலா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எல்லம்மா மெல்ல முகத்தைத் திருப்பினாள். "அப்ப, நல்லாக்கீதுன்னாரா?"

"ஆமா. 'நேராப் பாராட்டினா உங்கம்மாவப் புடிக்க முடியாது, அவளுக்குப் புரியாத வார்த்தையா ஒண்ணு குடு'ன்னு எங்கிட்ட கேட்டு வாங்கினாரு."

எல்லம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

"நேத்துக் கொழம்புல உப்பு தூக்கல்டி."

"அப்ப நான் பாத்து சொன்ன அர்த்தமே கரெக்ட்டா இருக்கும் போல," என்றான் கிச்சன் வாசற்படியில் நின்ற ஜெபகுமார்.

எல்லம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடினாள், தோள்கள் குலுங்கின. கூடத்தில் பாடிக்கொண்டிருந்த பெண்கள் அவள் ஒருவழியாக அழுகிறாள் என்று நினைத்து, பாட்டை நிறுத்தினார்கள்.

"தமிழ்ல சொல்லியிருந்தா கொறஞ்சா பூடுவாரு," என்றபடி எழுந்தாள்.

பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்தாள். பிறகு, கண்ணயர்ந்தவரை எழுப்புகிறவள் போல, கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டினாள்.