திரும்பி வந்ததற்கு அத்தாட்சி

பெரியாஸ்பத்திரி வாங்குப் பலகையில் நாகலெட்சுமி நாற்பத்தொரு பேராக உட்கார்ந்திருந்த செவ்வாய்க்கிழமை விடியலில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்ட லய வீடொன்றில் நாற்பத்திரண்டாவது நாகலெட்சுமி ஊதா சுவெட்டரை மாட்டிக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். ஒரு வாங்கில் நாற்பத்தொரு பேர் எப்படி என்று கேட்பவர்கள் மலைநாட்டு பஸ்ஸில் ஏறாதவர்கள்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. கிழமைக்கு ஒரு தடவை, செவ்வாய்க்குச் செவ்வாய், முந்நூற்றெட்டு வளைவு இறங்கிப் போய் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். வைத்தியம் இலவசம். வழிச்செலவையும் திருப்பித் தருகிறோம் என்று போன வருஷம் அறிவித்தார்கள். போனதற்கும் வந்ததற்கும் டிக்கெட்டைப் படிவத்தில் குத்திக் கொடுத்தால் போதும். போகும்போது அரசாங்க பஸ், டிக்கெட் கிடைக்கும். மெஷினை விட்டு எழும்புவதற்குள் கடைசி அரசாங்க பஸ் போய்விடும். பிறகு தனியார் பஸ்தான். அதில் டிக்கெட் கொடுத்ததாக எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

வழிச்செலவு ஜன்னலில் இருந்த கிளாக்கர் றோலண்ட் கெட்டவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் அவர் பாடினால் தேயிலைக் கொழுந்து அரை அங்குலம் வளரும்.

"அம்மா, போன கெழம ஊருக்குத் திரும்பிப் போன டிக்கெட் எங்க?" என்று முதல் தடவை கேட்டார்.

"போகாமலா சார் இந்தக் கெழம வந்து நிக்கிறேன்?"

"நீங்க சொல்றது சரிம்மா. ஆனா ஃபைல்ல நீங்க போகவேயில்லயே."

பச்சை மையால் 'திரும்பவில்லை' என்று எழுதினார். நாகலெட்சுமி திரும்பிப் பார்த்தபோது, போன கிழமை நாகலெட்சுமி வாங்கில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

அதன்பிறகு கிழமைக்கு ஒருத்தி கூடினாள். அவர்கள் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. வெளியே பஸ் ஹோர்ன் கேட்டால் மட்டும் எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பும். கூட்டுகிறவர்கள் காலைத் தூக்கச் சொல்லிக் கூட்டிவிட்டுப் போனார்கள். லயத்துக்குத் திரும்பியவளோ கிழமைக்குக் கிழமை மங்கிக்கொண்டே வந்தாள். முப்பதாவது கிழமையில் அவளுக்கு ஊடாக அடுப்பு நெருப்புத் தெரிந்தது. புருஷன் வீரய்யா பயந்துபோய் சந்தியில் தனியார் பஸ்ஸை மறித்தான்.

"தம்பி, ஒரே ஒரு டிக்கெட் குடுங்க."

"நம்ம பஸ்ல ஏதுங்கண்ணே டிக்கெட்டு?" என்று கண்டக்டர் சிரித்தான். "எறங்கையில ஆள் இருந்தா அதான் டிக்கெட்டு."

நாற்பத்திரண்டாவது செவ்வாய் சாயங்காலம் அந்த பஸ் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். ஜன்னலோர சீட்டில் ஊதா நூல் ஒன்று மட்டும் கிடந்தது.

மறுநாள் வீரய்யா ஆஸ்பத்திரிக்குப் போனான். வாங்கில் நாற்பத்திரண்டு பேர். "ஒரு கிளினிக் கார்டுக்கு ஒரு ஆள்தான்," என்றார் றோலண்ட். "எந்த ஆளுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

வீரய்யா வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனான். "காலைல என்னா ஆக்கிட்டு வந்த, புள்ள?" ரொட்டி என்றாள் ஒருத்தி, மரவள்ளிக்கிழங்கு என்றாள் இன்னொருத்தி, ஒவ்வொருத்தியும் தன் செவ்வாய்க்கிழமையைச் சொன்னாள். கடைசியில் இருந்தவளுக்குப் பதில் சொல்லக் குரல் இல்லை. வருஷமெல்லாம் அவனோடு இருந்தவள் அவள்தான். அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாவதாக இருந்தவள் கன்னத்தில் சதையோடு சிரித்து, "ரொட்டியும் கட்டச்சம்பலும். போவோமாங்க?" என்றாள்.

வீரய்யா முதலாவது ஆளைக் கூட்டிக்கொண்டு மத்தியான அரசாங்க பஸ்ஸில் ஏறினான். அவளுக்கென்று ஒரு டிக்கெட் கிழித்தார்கள். அதை வழியெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். வீட்டில் மாரியம்மன் படத்தின் கண்ணாடிக்குள் செருகிக் கற்பூரம் காட்டினான். பக்கத்து லயத்து ஆட்களும் வந்து கும்பிட்டார்கள்.

அடுத்த செவ்வாய் நாகலெட்சுமி நாலு மணி பஸ்ஸில் போய் ஜன்னலில் நின்றாள்.

"போன கெழம திரும்பிப் போனீங்களே, அந்த டிக்கெட் எங்கம்மா?" என்று றோலண்ட் ஆசையோடு கேட்டார்.

"அத சாமி படத்துக்குள்ள செருகி வச்சிருக்காருங்க சார். தொட விடமாட்டேங்கிறாரு."

றோலண்ட் பெருமூச்சு விட்டு, பச்சை மைப் பேனாவின் மூடியைக் கழற்றினார். வாங்கின் ஓரத்தில் குரலில்லாமல் இருந்தவள் சற்றே தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.