ஒரு சாண் ஒயர்

அந்த ஐந்து மாடிக் கட்டிடத்தின் லிஃப்ட் சண்டித்தனத்தில் பட்டம் வாங்கியது. சில நாள் கூப்பிட்டால் வரும். சில நாள் கூப்பிடாமலே வந்து நின்று முறைக்கும். சில வாரங்களாக எதுவும் இல்லாமல் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. கட்டிடத்து ஜனங்கள் படியேறிப் படியேறி மலையாடுகளாக மாறிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது மாடியில் பல் டாக்டர். பல்வலியோடு கீழே கிளம்பியவர்கள் அவரிடம் வந்து சேரும்போது முழங்கால் வலியோடு வந்தார்கள். எந்தப் பல் என்று கேட்டால் யோசித்தார்கள்.

லிஃப்ட் மெக்கானிக்கை எல்லோரும் ஒட்டடை என்றே கூப்பிட்டார்கள். ஆள் ஒட்டடைக் கம்பு உயரம், அதே பருமன். லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறினால் தலையில் நாலு தலைமுறைச் சிலந்திகள் குடும்பத்தோடு வந்து இறங்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே பாதி மறந்துவிட்டது என்று பேச்சு.

அவனுடைய மனைவிக்கு வேலையும் அதே கட்டிடத்தில்தான், நாலாவது மாடித் தையல் கூடத்தில். மாலையானால் தைத்து முடித்த துணிகளை மூட்டை கட்டிக் கீழே வண்டிக்குக் கொண்டு போவது அவள் பொறுப்பு. மூட்டை அவளுடைய கண்ணை மறைக்கும் உயரம் வரும். எதிரே யானை நின்றாலும் தெரியாது. காலால் தடவித் தடவித்தான் படி இறங்குவாள்.

அன்று காலையில்கூட அவள் ஒரு ஊசி ஏற்றினாள்.

“ஊருல இருக்கிற லிஃப்ட்டெல்லாம் ஓட வெக்கிறீங்க. பொண்டாட்டி ஏறுற லிஃப்ட்டுக்கு மட்டும் நாள் நட்சத்திரம் பாக்குறீங்க.”

“இன்னைக்கு சாயங்காலம் நீ லிஃப்ட்லதான் இறங்குற. மகாராணி மாதிரி” என்றான் ஒட்டடை.

அவள் அதை நம்பினாள். அங்கேதான் ஆரம்பித்தது எல்லாம்.

லிஃப்ட் ஓட வேண்டுமென்றால் கட்டிடத்தின் அத்தனை கதவும் சாத்தியிருக்க வேண்டும். இதை யாரும் நின்று காவல் காப்பதில்லை, மின்சாரம் காக்கிறது. தரைத்தளக் கதவின் பூட்டுக்குள், கதவு பூட்டினால் தொட்டுக்கொள்ளும் ஒரு சின்னத் தொடுமுனை. மின்சாரம் அதைத் தாண்டி முதல் மாடிப் பூட்டுக்குப் போகும், அங்கிருந்து இரண்டாவதுக்கு, அப்படியே மேலே. பிள்ளைகள் கைகோத்து வரிசையாகச் சாலையைக் கடப்பார்களே, அந்த மாதிரி. கிளை கிடையாது, குறுக்குச் சந்து கிடையாது. நடுவில் ஒரு பிள்ளை கையை விட்டால் வரிசை அத்தனையும் அங்கேயே நின்றுவிடும். ஒரு கதவு மயிரிழை திறந்திருந்தாலும் மின்சாரம் அறுந்து மோட்டார் செத்த பாம்பாகக் கிடக்கும். இதைத்தான் சீரீஸ் என்கிறார்கள். பழுது வந்தால் எந்தப் பிள்ளை கையை விட்டது என்று தேடுவதற்குள் உயிர் போய்விடும். ஆனால் அந்தத் தொல்லைதான் பாதுகாப்பே.

அதற்கு ஒரு மடத்தனமும் உண்டு. நடுவில் கையைப் பிடித்திருப்பது நிஜமான கதவா, இல்லை எவனோ சொருகிய ஒயரா என்று அதற்குத் தெரியாது. பிடித்திருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு போய்விடும்.

மொட்டை மாடியில் மெஷின் ரூம். அங்கே இருந்த பெட்டியில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு ஜோடி திருகு வரிசையாக இருந்தது. ஒட்டடை ஒரு சாண் ஒயரை எடுத்து ஒவ்வொரு ஜோடியாக இணைத்துப் பார்த்தான். நாலாவது மாடி ஜோடியில் ஒயரை வைத்ததும் பெட்டி ‘டக்’ என்று உயிர் பெற்றது. ஆக, கையை விட்ட பிள்ளை நாலாவது மாடி.

இப்படி ஒயரை வைத்துத் தேடுகிறவர்களுக்கெல்லாம் ஒரே பயம்தான்: தேடி முடித்து ஒயரை மறந்துவிட்டுப் போவது. ஒட்டடை அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தான். தன் ஸ்கூட்டர் சாவியை அந்த ஒயரிலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தான். ஒயரைக் கழற்றாமல் வீட்டுக்குப் போக முடியாது. இந்த யோசனையைப் பற்றி அவனுக்கு இருந்த பெருமையை அளந்தால் கட்டிடத்துக்கு இன்னொரு மாடி கட்டலாம்.

லிஃப்டை நாலாவது மாடிக்கு வரவழைத்து நிறுத்திவிட்டு, படி வழியாக இறங்கி வந்து அந்தக் கதவின் பூட்டைப் பிரித்தான். உள்ளே கதவைப் பிடித்து வைக்கும் கொக்கியின் ஸ்பிரிங் இரண்டாக உடைந்திருந்தது. கொக்கியையே கழற்றினான், கடையில் காட்டி அதே மாதிரி வாங்க வேண்டும். கொக்கி இல்லாத கதவை யார் வேண்டுமானாலும் இழுத்துத் திறக்கலாம்தான். ஆனால் பின்னால் லிஃப்ட் நிற்கிறதே. மேலே ஒயரை எடுத்துவிட்டால், பூட்டு இல்லாததால் வரிசை அறுந்து லிஃப்ட் அந்த இடத்தை விட்டு அசையாது. கணக்கு சரியாகவே இருந்தது. மேலே போய் ஒயரைக் கழற்ற வேண்டியது மட்டும் பாக்கி.

அப்போது கீழே ஹாரன் அடித்தது. பக்கத்து ஊர்ப் பறவைகளெல்லாம் எழுந்து பறந்திருக்கும், அப்படி ஒரு ஹாரன். மனைவியின் தம்பி புதுக் கார் வாங்கியிருந்தான். அக்கா வீட்டுக்காரரை அதில் ஏற்றி ஊர்வலம் விடாமல் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. கடைக்குத்தானே, நானே கொண்டு போகிறேன் என்று போனில் சொல்லியிருந்தான். ஹாரன் மறுபடியும் அடித்தது. ஒட்டடை கொக்கியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேலே போகாமல் கீழே இறங்கினான்.

காருக்குள் மச்சினன் வாய் ஓயவில்லை. இருக்கையின் மென்மை, பாட்டுப் பெட்டியின் சத்தம், அடுத்த தெருவில் இருப்பவன் வயிற்றெரிச்சல். சிக்னலில் வண்டிகள் தேங்கி நின்றபோதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“மாமா, உங்க பழைய ஸ்கூட்டர எங்க நிறுத்தினீங்க? எவனாவது தூக்கிட்டுப் போயிடப் போறான்.”

“சாவி இல்லாம எப்படித் தூக்குவான்” என்று சொல்லிக்கொண்டே ஒட்டடை பையைத் தடவினான். கொக்கி இருந்தது. சாவி இல்லை.

அது மெஷின் ரூமில், ஒயரோடு தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பு என்றான். மச்சினன் சிரித்தான், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தான்.

வாசல் காவலாளிக்குப் போன் போட்டான். கட்டிடத்தில் அந்த ஆளுக்கு மந்திரி என்று பேர். வேலை எதுவும் செய்யாமல் எல்லாவற்றையும் திறந்து வைப்பதாகப் பேசுவதால் வந்த பேர்.

“அண்ணே, உங்களுக்குத்தான் போடலாம்னு இருந்தேன்” என்றார் மந்திரி, தேன் ஒழுக. “என்ன கைராசிண்ணே உங்களுக்கு. நாலாவது மாடில நின்னுச்சு, சும்மா ஏறி பட்டனத் தட்டினேன். நான் கதவ சாத்துறதுக்குள்ளயே கிளம்பிடுச்சு. அவ்ளோ வேகம்.”

ஒட்டடை குறுக்கே பாய்ந்தான்.

“இப்ப லிஃப்ட் எங்க இருக்கு?”

“இங்கதான், கீழ, என் பக்கத்துல. குழந்த மாதிரி நிக்குது.”

அப்படியென்றால் நாலாவது மாடிக் கதவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பூட்டில்லாத கதவு, அதற்கு அப்புறம் வெறும் இருட்டு, அடியில் சிமெண்டுத் தரை. கதவில் இருந்த சின்னக் கண்ணாடிக்கு எந்தக் காலத்திலோ எவனோ பெயிண்ட் அடித்திருந்தான். சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. அவள் இந்நேரம் மூட்டை கட்டியிருப்பாள்.

ஓடிப்போய் அந்தக் கதவு முன்னால் நில்லுங்கள், யாரையும் தொட விடாதீர்கள் என்று ஒட்டடை கத்தினான். மந்திரிக்கு எதற்கு என்று புரியவில்லை. ஆனால் அவசரம் புரிந்தது.

“இதோ போறேண்ணே. படியேறினா லேட்டாகும், லிஃப்ட்லயே போயிடறேன்.”

வேண்டாம் என்பதற்குள் இரும்புக் கூண்டுக்குள் போன் செத்தது.

மனைவிக்குப் போட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மச்சினன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. முன்னால் நின்ற வண்டிகள் மலைகளைப் போல அசையாமல் நின்றன. போன் எடுக்கப்பட்டது. மூச்சு மட்டும்.

“எங்க இருக்க?”

“லிஃப்ட்டு கிட்ட.” குரல் அவள் குரலாகவே இல்லை. “போன் எடுக்கலாம்னு மூட்டைய உள்ள வெச்சேங்க.”

“சரி.”

“உள்ள வெச்சேன். அது போயிடுச்சு.”

எங்கேயோ ஆழத்தில் தொப்பென்று ஒரு சத்தம் அவளுக்குக் கேட்டிருந்தது, அவளுக்கு மட்டும். கதவு இன்னும் அவள் தோளில் சாய்ந்திருந்தது. மூட்டை எங்கே போயிற்று என்று எட்டிப் பார்த்தாளாம். இப்போதும் அப்படியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து ஒரு வெளிச்சம் மேலே வருகிறது, கயிறெல்லாம் ஆடுகிறது என்றாள், கனவில் பேசுகிற மாதிரி.

மந்திரி ஏறி வந்துகொண்டிருந்தார்.

“தலைய வெளிய எடு.” ஒட்டடை கத்தவில்லை. “பின்னால வா. கதவ விடு. பின்னால வந்து தரைல உக்காரு.”

கூடச் சண்டை போடாமல் அவள் அவன் சொன்னதைக் கேட்டது அவர்கள் கல்யாண வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவள் உட்கார்ந்த சத்தம் கேட்டது. உடனே, அவள் தலை இருந்த இடத்தை உரசிக்கொண்டு கூண்டு மேலே வந்து நின்ற சத்தமும் கேட்டது. மூட்டை கூண்டின் கூரை மேல் விழுந்து, பத்திரமாகச் சவாரி செய்து வந்திருந்தது. உள்கதவைத் தள்ளிக்கொண்டு மந்திரி வெளியே வந்து, “ஏம்மா தரைல உக்காந்திருக்கீங்க” என்று விசாரித்தார்.

ஒட்டடை போய்ச் சேர்ந்ததும் நேராக மொட்டை மாடிக்கு ஏறினான். மந்திரியும் பின்னாலேயே வந்தார். ஒயரை இரண்டு திருகிலிருந்தும் பிடுங்கினான். பெட்டி ‘டக்’ என்று அடங்கியது. மெயின் ஸ்விட்சையும் இறக்கினான். என்ன நடந்தது, எதனால் நடந்தது என்று மந்திரிக்கு விளக்கினான். இந்த ஒயர் இருந்ததால்தான் திறந்த கதவோடு ஓடியது என்று சொன்னான். மந்திரி வரிசையாக இருந்த திருகுகளைக் கண் இமைக்காமல் பார்த்தார்.

கீழே வந்தபோது பல் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தார். நடந்ததைக் கேட்டார், ரொம்ப வருத்தப்பட்டார், நல்லவேளை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“மேல எனக்கு ஆளுங்க காத்திருக்காங்க. அந்த ஒயரயே வெச்சுட்டுப் போனா என்ன? நாலாவது மாடிய ஒரு கயிறு போட்டுக் கட்டிடலாம். நாங்க பாத்து ஏறிக்கிறோம்.”

முடியாது என்றான் ஒட்டடை. ஒரு வாரம் நல்லா ஓடியிருந்தா நீங்க இப்படிச் சொல்வீங்களா என்றார் டாக்டர். ஓடியது ஒரு மணி நேரம்தான், அதற்குள் இவ்வளவு என்றான் ஒட்டடை. நாங்கள் என்ன சின்னப் பிள்ளைகளா என்று படிக்கட்டில் நின்றிருந்தவர்களில் ஒருவர் கேட்டார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். கொஞ்ச நேரம் லிஃப்டின் ருசி பார்த்துவிட்ட முழங்கால்கள் அவை.

புதுக் கொக்கி வந்தால்தான் பேச்சு என்று சொல்லிவிட்டு மச்சினன் காரில் மறுபடியும் கிளம்பினான். மனைவியைக் கூப்பிட்டான். அவள் வரவில்லை. அந்தக் கதவை விட்டு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. நீங்க போய் வாங்கிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன் என்றாள்.

கடைக்காரர் அலமாரியெல்லாம் கவிழ்த்து ஒருவழியாக அதே மாதிரிக் கொக்கியைக் கண்டுபிடித்து மேசையில் வைத்தபோது போன் அடித்தது.

“ஏங்க, நீங்க திரும்பி வந்துட்டீங்களா? மெஷின் ரூம்லயா இருக்கீங்க?”

“இல்லயே, கடைல நிக்கிறேன். ஏன்?”

அவள் மூச்சுக்குப் பின்னால் ஒரு முனகல் கேட்டது. எண்ணெய் வற்றிய சக்கரத்தில் கயிறு ஓடுகிற சத்தம். ஒட்டடைக்கு அது கனவிலும் தெரியும்.

“அப்ப யாரு ஓட்டுறாங்க?”

மெஷின் ரூமில் அந்தத் திருகுகளைப் பார்த்தவர் மந்திரி ஒருவர்தான்; ஆனால் எந்த ஜோடி என்று அவருக்கு நினைவிருக்காது. நினைவில்லாத ஆள் என்ன செய்வார்? மெயின் ஸ்விட்சை ஏற்றிவிட்டு, நீளமாக ஒரு ஒயரை எடுத்து முதல் திருகையும் கடைசித் திருகையும் சேர்த்துக் கட்டுவார். அப்புறம் நாலாவது மாடி என்ன, எந்த மாடிக் கதவும் கணக்கில் இல்லை. பிள்ளைகள் வரிசையில் யாரும் யார் கையையும் பிடித்திருக்கவில்லை. ஆனாலும் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

“நீ அந்தக் கதவு கிட்டப் போகாத” என்றான்.

“நாலாவது மாடியப் பத்தி கவலப்படாதீங்க. தையல் மெஷின இழுத்து வந்து கதவுக்குக் குறுக்கப் போட்டு, மேலயே உக்காந்திருக்கேன். யாரு வந்து சொன்னாலும் எந்திரிக்க மாட்டேன்.” அவள் குரல் இறங்கியது. “ஆனா கீழ மூணாவது மாடில யாரோ லிஃப்ட்டுக் கதவத் திறந்து வெச்சுக்கிட்டு, ஒரு கால உள்ள வெச்சு நின்னு பேசிட்டிருக்காங்க. படிக்கட்டு இடுக்கு வழியா இங்கருந்து தெரியுது. இப்ப அது நகருதுங்க.”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். படிக்கட்டுப் பக்கம் திரும்பி, ஏறாதீங்க, யாரும் ஏறாதீங்க, கால எடுங்க என்று அவள் கூவுவது எங்கோ தொலைவில் கேட்டது. ஒட்டடை கொக்கியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு காரை நோக்கி ஓடினான். போனில் கயிறு ஓடிக்கொண்டே இருந்தது.