ஔகாரத்துக்கு ஒரு ‘ம்’

எங்கள் குழுவில் ஓட்டெடுப்பு கிடையாது. இணைய முகவரிகளில் தமிழ் எழுத்துகள் எப்படி வரலாம் என்று விதி எழுதுகிற குழு அது. கை தூக்கச் சொன்னால் தலையெண்ணும் அரசியல் உள்ளே புகுந்துவிடுமாம். அதனால் ஆதரிப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று முனக வேண்டும். அடுத்து மறுப்பவர்கள் முனக வேண்டும். எது கனமாக இருந்தது என்று தலைவர் கண்ணை மூடிக் கேட்டுச் சொல்வார். அதற்குப் பெயர் ஒருமித்த கருத்து. படித்தவர்கள்தான் இதைக் கண்டுபிடித்திருக்க முடியும்.

அன்றைய விஷயம் ‘ஔ’. ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாலும் பார்வைக்கு அதே எழுத்துதான். போலி முகவரி செய்பவனுக்கு வசதி. ஆகவே ‘ஔ’வில் தொடங்கும் முகவரிகளை எல்லாம் ரத்து செய்துவிடலாம் என்று ஒரு பொறியாளர் முன்மொழிந்திருந்தார்.

அப்படி மொத்தம் பதினொரு முகவரிகள். அதில் ‘ஔடதம்’ என் அக்காவின் மருந்துக்கடை. லேசில் கிடைக்காத மருந்துகள் இன்று கையிருப்பில் இருக்கின்றனவா என்று பார்க்க, நோயாளிகளின் வீட்டார் ஒன்பது வருஷமாக அந்த முகவரியைத்தான் தட்டுகிறார்கள்.

அக்கா அரைநாள் கடையை மூடிவிட்டுக் கூட்டத்துக்கு வந்தாள். பார்வையாளர்கள் பேசக் கூடாது. உறுப்பினர் பேசலாம். உறுப்பினர் நான்.

“யாராவது ஏதாவது சொல்லணுமா?” என்று தலைவர் கேட்டபோது மைக் எனக்கு நாலடி தூரத்தில் நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. என்னைக் குழுவில் சேர்த்துவிட்டதே அந்தப் பொறியாளர்தான். முனகும்போது எதிர்த்துக்கொள்ளலாம், யார் என்று தெரியாது என்று மனக்கணக்குப் போட்டேன். கோழைக்கு இதைவிடத் தோதான முறை கிடையாது.

“சரி, ஆதரிக்கிறவங்க முனகலாம்.”

அங்கங்கே சத்தம் எழுந்தது. அக்கா என் காதருகே குனிந்தாள்.

“டேய், அடுத்தது நம்ம முறைதானே? விட்டுட மாட்டியே?”

“ம்,” என்றேன்.

பழக்கதோஷம். சின்ன வயதிலிருந்து அவள் பேசுவாள், நான் உம் கொட்டுவேன். தலைவர் கண்ணைத் திறந்து எங்கள் மூலையைப் பார்த்துத் தலையாட்டினார்.

மறுப்பவர்கள் முறை வந்தது. தம் கட்டி முனகினேன். விதியை மீறி அக்காவும் முனகினாள்.

“அந்த மூலையில ரெண்டு தடவையும் சத்தம் வந்துச்சு,” என்றார் தலைவர், உண்மையான வருத்தத்தோடு. “ரெண்டுக்கும் முனகினா எதுக்கும் முனகலன்னுதான் அர்த்தம். கழிச்சுட்டேன்.”

“சார், முதல்ல சொன்னது எங்க அக்காவுக்கு.”

“அக்கா உறுப்பினரா?”

“இல்ல சார்.”

“அப்ப குழுவுக்குச் சொன்னதாத்தான் எடுத்துக்கணும்.”

எழுத்தில் மறுக்க இரண்டு வாரம் அவகாசம் உண்டு. நோயாளிகள் தவித்துப்போவார்கள் என்று எழுதினேன். மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்ததாக இருக்க வேண்டும், நோய் அதில் அடங்காது, மேலும் உறுப்பினரின் முனகல் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. கீழே நன்றி சொல்லியிருந்தார்கள்.

‘ஔ’ போயிற்று. அக்கா வேறு முகவரி வாங்கி, தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பத்து நாள் கழித்து, கடையில் பெட்டி பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வாசலிலேயே திகைத்து நின்றார்.

“கடை இருக்கா! அப்படி ஒரு முகவரியே இல்லன்னு வந்துச்சு. மூடிட்டீங்கன்னு நெனச்சு நாலு நாளா எங்கெங்கயோ அலைஞ்சேன். மாத்திரை இல்லாம பொண்ணுக்கு வலிப்பு வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கா.”

“இப்ப எப்படி இருக்கா?” அக்கா அதற்குள் அலமாரியைத் திறந்திருந்தாள்.

“காலையிலதான் கண்ணத் தொறந்தா. இத வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

ஒரு குழு கூடி அந்த முகவரியை ரத்து செய்துவிட்டதை மருந்து எடுத்துக்கொண்டே அக்கா சொன்னாள். மருந்துப் பையை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

“ஏன் தம்பி, இத்தன பேர் பாக்கிற முகவரிய எடுக்கறாங்க, வேண்டாம்னு சொல்ல அங்க ஒரு ஆள்கூடவா இல்ல?”

அக்கா பில் புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

“இருந்தேம்மா,” என்றேன். “நான் எழுந்திருக்கல.”