தேத்தண்ணி குடிக்கிற நேரம்

பின்வளவில் தார்ப்பாய் கட்டி மறைத்து மையித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வாளித் தண்ணீர் விழும் சத்தம் கேட்டபடி ஸாதியா கராஜ் கதவின் பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. திறப்பை முக்காட்டு நுனியில் முடிந்துகொண்டு குசினி வழியாக வீட்டுக்குள் போனாள். வாப்பா மௌத்தாகி ஒரு பகல்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு கதவுக்குக் காவல் இருக்க வேண்டி வந்ததே என்று அழுகைக்கு முதல் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

காரணம் கச்சி முகம்மது. ஓட்டமாவடியில் பழைய இரும்பு வாங்கி விற்கிறவர். மருதமுனைச் சாச்சாவே இன்னும் வந்து சேரவில்லை, இந்த மனுசன் காத்தான்குடிக்கு எல்லாருக்கும் முந்தி வந்துவிட்டார். வந்தவர் மையித்தின் முகத்தைப் பார்த்தார், கண்ணைத் துடைத்தார், அடுத்த நிமிடம் கராஜ் பக்கம் நடந்தார். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த ஸாதியா ஓடிப்போய் அவர் முகத்துக்கு முன்னாலேயே கதவைப் பூட்டினாள்.

"மகள், ஒருக்கா உள்ள போகணும்" என்றார்.

"எல்லாம் அடக்கினதுக்குப் பொறகு பாப்பம்" என்றாள். அவர் அடுத்த வார்த்தைக்கு வாய் திறக்குமுன் அங்கே நிற்கவில்லை.

வாப்பா ஹமீட் ஒரு காலத்தில் கார் திருத்துகிறவர். முழங்கால் நோவு வந்து காருக்குக் கீழே படுக்க முடியாமல் போனதும் ஒரே ஒரு சாமானைப் பிடித்துக்கொண்டார். பழங்கார்களின் பெற்றோல் பில்டர். டாங்கியிலிருந்து வரும் பெற்றோல் என்ஜினுக்குப் போகுமுன் அதன் ஊத்தை தங்கி நிற்கும் சின்னக் கண்ணாடிக் கிண்ணம். மேலே உலோக மூடி, உள்ளே கம்பி வலை, இரண்டுக்கும் நடுவில் தக்கை வளையம், அவ்வளவுதான். புதுசாக வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் பழங்கார் வைத்திருக்கிறவர்களின் பைத்தியம் வேறு. காரோடு வந்த அதே சாமான்தான் வேண்டும் என்பார்கள். ஹமீட் தேடிப்பிடித்து, துருவும் ஊத்தையும் போகக் கழுவி, வளையம் மாற்றி, சொட்டு ஒழுகாமல் ஆக்கிக் கொடுப்பார். ஒரு கிண்ணம் மாங்கேணியில் ஒரு மீன்காரர் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்காக எரிந்துகொண்டிருந்தது. அதை மோப்பம் பிடித்துக் கொண்டுவந்தவர் கச்சி முகம்மதுதான். அதை இல்லையென்று சொல்ல முடியாது.

போன வருசம் அவர் செய்த வேலையையும் இல்லையென்று சொல்ல முடியாது. புதுச் சாமான் ஒன்றைப் புகையில் காட்டி, சேற்றில் புரட்டி, அசல் என்று வாப்பாவின் தலையில் கட்டிவிட்டார். பார்வை மங்கின மனுசன் நம்பி வாங்கிக் கொடுத்தார். காருக்காரர் இந்த முற்றத்தில் நின்று, "நீயும் கள்ளன்தானா ஹமீட்?" என்று கேட்டார். அன்றைக்கு வாப்பா சோறு தின்னவில்லை. பிறகு கச்சி முகம்மது வந்து அழுதார், வாப்பா மன்னித்தார். ஸாதியா மன்னிக்கவில்லை. அந்த மனுசனுக்குத் தேத்தண்ணி வைத்தால்கூடக் கோப்பை உடைகிற மாதிரித்தான் வைப்பாள்.

இப்போது கராஜுக்குள் கிடப்பது வவுணதீவு கதிர்காமத்தம்பி ஐயாவின் ஒஸ்டின் காருக்கான பில்டர் மூடி. அவருடைய தகப்பன் ஓட்டிய கார். மற்றதெல்லாம் அசல், இந்த பில்டர் ஒன்றுதான் குறை. வருசக்கணக்காகத் தேடி, கடைசியில் மலைநாட்டில் ஒரு தோட்டத்துக் கராஜிலிருந்து கச்சி முகம்மது தாள் சுற்றிக் கொண்டுவந்தார். இன்னொன்று இனிக் கிடைக்காது என்று வாப்பா சொல்லியிருந்தார். ஐயாவுக்கு வாக்கும் கொடுத்திருந்தார். ஸாதியாவின் பயம் அதுதான். அந்த மூடி கை மாறி, சேற்றில் புரட்டிய இன்னொன்று அந்த இடத்தில் வந்து குந்திக்கொண்டால், கள்ளன் என்ற பேர் வாப்பாவோடு கபுறுக்குள்ளும் போகும்.

அவள் புருசன் பஸ்லான் குசினி வாசலில் வந்து நின்றான்.

"ஸாதியா, அந்த மனுசன் நிண்ட இடத்தில நிக்கிறாரில்ல. திறப்பக் கேக்கிறார்."

"என்னத்துக்காம்?"

"மாமா விடிய போன் பண்ணினாராம். மூடிய அசிட் தண்ணியில போட்டிரிக்கன், தேத்தண்ணி குடிச்சித்து வந்து எடுப்பன் எண்டாராம். இப்ப எடுக்காட்டி கரைஞ்சி போயிருமாம்."

மௌத்து வீடென்றும் பார்க்காமல் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தேத்தண்ணி குடிக்க வந்தது உண்மைதான். கோப்பையை எடுத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் கரைகிற கதை? வினாகிரியில் பற்றரி அசிட் கொஞ்சம் விட்டு அதில் மூடிகளைப் போடுவதை அவள் பாவாடை கட்டின காலத்திலிருந்து பார்த்திருக்கிறாள். சில நாள் வாப்பா மறந்துபோய் அடுத்த நாள்தான் எடுப்பார். ஒரு மூடிக்கும் ஒன்றும் ஆனதில்லை.

"பித்தளை கரையுமா? ஆருக்குக் காது குத்துறார்? இந்தக் கதைய கராஜ் தெரியாத ஆருட்டயாவது போய்ச் சொல்லச் சொல்லுங்க."

"முகத்தப் பாத்தா பொய் சொல்ற மாதிரித் தெரியல்லயே."

"போன வருசமும் அந்த முகத்தோடதானே வந்தவர்?"

பஸ்லான் முற்றத்துப் பக்கம் திரும்பிப் போனான்.

கபன் துணி சுற்றிக் கடைசியாக முகம் பார்க்கப் பெண்களைக் கூப்பிட்டார்கள். பார்த்துவிட்டு அவள் திரும்பிய நேரம், யன்னலுக்கு அப்பால், கராஜின் பின்சுவரடியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஏறி நின்று கச்சி முகம்மது யன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அங்க என்ன வேல உங்களுக்கு?"

அவர் திடுக்கிட்டு இறங்கினார். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். "மகள், நீ நினைக்கிற மாதிரி இல்ல, அந்த மூடி..." என்று தொடங்க, ஜனாஸா தூக்கப் போவதாக முற்றத்தில் குரல் கேட்டது. ஆட்கள் அவரையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

தூக்குமுன் பள்ளிவாசல் மரைக்காயர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "மௌத்தானவரோட ஆருக்காவது கொடுக்கல் வாங்கல் இரிந்தா மகள்ட்டயோ மருமகன்ட்டயோ பேசிக்கொள்ளுங்க. மத்தவங்க அவர மன்னிச்சிக்கொள்ளுங்க." இதற்கு யாரும் வாய் திறப்பதில்லை. தலையை ஆட்டிவிட்டுச் சந்தூக்கைத் தூக்குவதுதான் ஊர் வழக்கம்.

கச்சி முகம்மது வாய் திறந்தார்.

"கொடுக்கல் வாங்கல் ஒண்டுமில்ல. ஒரு சாமான் உள்ள கிடக்கு. இந்த நிமிசம் எடுக்கணும்."

கூட்டம் முகம் சுளித்தது. "வெக்கங்கெட்ட மனுசன்" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் அவர் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். பஸ்லான் பெண்கள் நின்ற யன்னலைப் பார்த்தான். ஸாதியா முக்காட்டு முடிச்சைப் பொத்திப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள். சந்தூக் எழுந்தது. கச்சி முகம்மதுவும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். அந்தத் தோளையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மையவாடியிலிருந்து ஆட்கள் திரும்பி, மஃரிபும் தொழுது, வீட்டில் யாஸீன் ஓதத் தொடங்கிய பிறகுதான் அவள் கராஜைத் திறந்தாள். அசிட் நெடி மூக்கில் ஏறியது. மேசையில் பிளாஸ்டிக் பேசன். அதற்குள் தண்ணீர் சாம்பல் கரைத்த கஞ்சி மாதிரி இருந்தது. வாப்பாவின் றப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு துழாவினாள். முதலில் கையில் வந்தது பித்தளை ஆணி, கழுவித் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அடுத்து வந்ததை மூடி என்று சொல்ல முடியாது. விளிம்பைக் காணவில்லை. திருகுகிற மரை எல்லாம் தின்னப்பட்டு வழுவழுத்துக் கிடந்தது. நடுவில் விரல் போகிற ஓட்டை.

ஆணியையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே தண்ணீரில்தான் இரண்டும் கிடந்தன. பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் மூடி பித்தளை இல்லை. அது நாகம், துத்தநாகத்தில் வார்த்தது. நாகத்தைப் பற்றரி அசிட் தின்றுவிடும். அவள் அதைத் தாள் சுற்றினபடிதான் கண்டிருந்தாள், வாப்பாவிடம் வந்ததெல்லாம் பித்தளை என்பதால் இதுவும் அதுதான் என்று எடுத்துக்கொண்டாள். அந்த மனுசன் வந்ததிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வராத அழுகை அப்போது குமுறிக்கொண்டு வந்தது. உள்ளே ஓதிக்கொண்டிருந்த பெண்கள், வாப்பாவை நினைத்து அழுகிறாள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் கதிர்காமத்தம்பி ஐயா வலையிறவுப் பாலத்தால் வந்து முற்றத்தில் இருந்தார். கச்சி முகம்மதும் இருந்தார். கரைந்த மூடியைப் பஸ்லான் கச்சி முகம்மதுவிடம் முன்னமே காட்டியிருந்தான். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். ஸாதியா திரைக்குப் பின்னால் நின்றாள்.

"ஹமீட் தங்கமான மனுசன்" என்றார் ஐயா. "இந்த நேரத்தில கேக்கக்கூடாதுதான் தம்பி. அந்தச் சாமான் என்ன மாதிரி?"

பஸ்லான் பதில் சொல்ல வாயெடுத்தான். கச்சி முகம்மது முந்திக்கொண்டார்.

"அது போயித்து ஐயா. அசிட்ல போட்டு நேரத்துக்கு எடுக்காம விட்டுட்டன்."

"போட்டது ஹமீட் இல்லையோ?"

"ஹமீட் காக்காட கையில அப்படி நடக்குமா? நான்தான் போட்டன். என்ர பிழை."

ஐயா எழுந்துவிட்டார். "உன்ன எனக்குத் தெரியாதோ? கரைச்சியோ, கூடின விலைக்குத் தள்ளினியோ, அது உனக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம். பாவம் ஹமீட், உன்னையும் ஒரு ஆளெண்டு வீட்டுக்குள்ள எடுத்தார்." செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு திரும்பிப் பாராமல் போனார்.

பஸ்லான் அவர் பின்னால் போக எழுந்தான். கச்சி முகம்மது அவன் கையைப் பிடித்து இருத்தினார்.

"விடு மனே. காக்காட பேர் காக்காட பேராவே இரிக்கட்டும். என்ர பேர்ல இனிப் புதுசா என்ன கெடப்போவுது?"

பிறகு சலாம் சொல்லிவிட்டு வெளியே போனார். ஒழுங்கையில் அவருடைய மோட்டார்சைக்கிளை உதைக்கும் சத்தம் கேட்டது. பிடிக்கவில்லை. திரும்பவும் உதைத்தார். ஸாதியா திரையை விலக்கினாள். சொல்ல வேண்டியது பெரிய பேச்சு ஒன்றுமில்லை. திறப்பு என்னிடம்தான் இருந்தது, நான்தான் தரவில்லை என்று சொன்னால் போதும். ஐயாவும் ஒழுங்கை முனைக்குப் போயிருக்கமாட்டார். கச்சி முகம்மது மூச்சு வாங்குவது கேட்டது. இன்னும் ஒரு உதை. என்ஜின் இருமிவிட்டு அடங்கியது. அவள் முற்றத்தைத் தாண்டி வெளிவாசல் கதவில் கை வைத்தாள்.

அப்போது வண்டி பிடித்துக்கொண்டது. சத்தம் ஆற்றங்கரைப் பக்கம் போய்க் குறைந்தது. அவள் கதவைத் திறந்தபோது ஒழுங்கையில் புகை மட்டும் நின்றது.