மலர் வளையமும் மெஷின் சாவியும்

இறந்து கிடந்த அம்மாவின் தலைக்கு அடியில் தலையணையைச் சரிசெய்து கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள். அம்மாவின் கழுத்தோரம் சிவப்பு நைலான் கயிறு எட்டிப் பார்த்தது. கயிற்றின் முனையில் மெஷின் சாவி.

அவள் மறைப்பதற்குள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

பிளாஸ்டிக் குப்பையைப் பிரிக்கும் கொட்டகையில் அவர் வைத்ததுதான் சட்டம். தரையில் உட்கார்ந்து பிரிப்பது பெண்கள் வேலை. பிரித்ததை அமுக்கிக் கட்டுப் போடும் மெஷின் ஆண்களுக்கு. அந்த மெஷினில் கை வைத்த ஒரே பெண் அம்மாதான். மல்லுக்கட்டி வாங்கிய சாவி அது.

"சாவி இனிமே உன் அண்ணன்கிட்ட இருக்கட்டும்மா," என்றார் துக்கக் குரலிலேயே. பார்வை அவளுடைய ஊன்றுகோலுக்குப் போனது. மெஷினைக் காலால் மிதிக்கணும், உனக்கு எதற்கு அந்தச் சிரமம், நீ எப்போதும்போல் உட்கார்ந்தே பிரிக்கலாமே என்று நல்லவிதமாகத்தான் எடுத்துச் சொன்னார். கொண்டுவந்த மலர் வளையத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சவ வண்டிக்கு வழி காட்டத் தெருமுனைக்குப் போனார்.

அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

வளையம் ஆள் உயரம். அத்தனையும் பிளாஸ்டிக். சுவரோரம் உட்கார்ந்திருந்த கொட்டகைப் பெண்கள் அம்மாவின் அதட்டலையும் வம்பையும் சொல்லிச் சொல்லி அழுதார்கள், நடுநடுவே சிரித்தார்கள். வாய்க்கு வேலை இருந்தது. கை சும்மா இருக்குமா? பாட்டில் மூடி கழற்றியே பேர் வாங்கிய மூடி அக்காதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

சூப்பர்வைசர் திரும்பி வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தது வெறும் கம்பி. கீழே ரோஜா இதழ்கள் ஒரு பையில், இலைகள் ஒரு பையில், சுற்றியிருந்த தாள் தனியாக மடித்து.

"எங்கேம்மா வளையம்?"

மூடி அக்கா தன் மடியைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. "கை தானாப் போயிடுச்சு சார்."

யாரோ களுக்கென்றார்கள். ஆட்டோ ஓட்டும் அண்ணன் நிலைமையைச் சமாளிக்கக் குனிந்து, இதழ், இலை, தாள் எல்லாவற்றையும் வாரி ஒரே பைக்குள் திணித்தான்.

வீடே பதறியது. "டேய், கலக்காதடா!" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் சூப்பர்வைசர்தான்.

அண்ணன் பையும் கையுமாக விழித்தான். "எனக்கு இது எல்லாமே ஒரே குப்பைதான் சார். சாவியை என் தலையில கட்டாதீங்க. தங்கச்சியைக் கேளுங்க."

இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் இனி வாய்க்காது. அவள் ஊன்றுகோலை எட்டி எடுத்து எழுந்து நின்றாள். "மழை ஆரம்பிச்சதிலேர்ந்து கட்டுப் போடறது நான்தான் சார். அம்மாவுக்கு மூச்சு வாங்குச்சு. பக்கத்துல நின்னு திட்டினது மட்டும்தான் அவங்க."

"மிதிக்கிறது?"

"வெல்டிங்காரரைப் பிடிச்சு அம்மா கைப்பிடி வெச்சுட்டாங்க. கட்டு கல்லு மாதிரி இருக்குன்னு போன வாரம்கூட சொன்னீங்களே."

சூப்பர்வைசர் பெண்களைப் பார்த்தார். எல்லாரும் கம்பி வளையத்தை மும்முரமாக ஆராய்ந்து கொண்டிருந்தார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா கைப்பிடியைக் கழட்டியிருப்பீங்க."

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "போறப்பக்கூட விட மாட்டீங்களேம்மா," என்று அம்மாவிடமே சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே, நாளை மறுநாள் லாரி வருகிறது, கட்டு தயாராக இருக்க வேண்டும் என்றார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. அண்ணன் அம்மாவின் தலையை மெல்லத் தூக்கிப் பிடிக்க, அவள் கயிற்றைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா நல்ல உயரம். அவள் கழுத்தில் சாவி இடுப்பு வரை இறங்கித் தொங்கியது.

மூடி அக்கா பின்னால் வந்து கயிற்றைச் சுருக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு முடிச்சும் போட்டாள்.