அவள் படம் போட்ட கடைசிப் பீப்பாய்

என் மனைவி சுமியே, ஊர்த் தொழில்களைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கப் போகிறேன் என்றபோது முதலில் சிரித்தவன் நான்தான். கட்டிய கணவனே சிரித்தால் ஊர் சும்மா இருக்குமா? ஜப்பானின் நாகானோ மலையில் எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒரு சிறுதொழில் உண்டு. ஒருவர் காளான் உலர்த்துவார், ஒருவர் டோஃபு என்கிற சோயாப்பால் கட்டியைப் பனியில் உறைய வைத்துக் காயப்போடுவார். நாங்கள் மிசோ செய்கிறோம், சூப்பில் கரைக்கிற சோயா விழுது. தனித்தனியாக நகரத்துக்குக் கொண்டு போனால், சரக்கு போதாது என்று கடைக்காரர்கள் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். எல்லாரும் ஒரே பெயரில், ஒரே வண்டியில் போனால் என்ன என்று அவள் கேட்டாள்.

எங்கள் ஊரில் யாரும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். யோசிக்கிறோம் என்று சொல்லித் தேநீர் ஊற்றுவார்கள், வந்தவர் புரிந்துகொண்டு எழுந்துவிட வேண்டும். இவளோ தேநீரைக் குடித்துவிட்டு மறுவாரமும் போய் உட்காருவாள். தேயிலைச் செலவு தாங்காமல்தான் ஊர் சேர்ந்தது என்று நான் கேலி செய்வேன்.

எல்லாரும் சேர்ந்த பிறகு அவள் ஒரு விதி போட்டாள். பொட்டலத்தில் செய்தவர் முகம் இருக்க வேண்டும், வேறு யார் முகமும் கூடாது. டோஃபு செய்யும் இசாபுரோ எப்போதும் மூஞ்சியை உம்மென்று வைத்திருப்பவர். பேத்தி படத்தைப் போடலாமே, நாலு பேர் வாங்குவார்களே என்று கெஞ்சினார். சுமியே மசியவில்லை.

"செய்யறது நீங்க, சிரிக்கிறது அவளா? வாங்குறவங்கள ஏமாத்தக் கூடாது பெரியவரே."

அவளுடைய படத்தை எடுத்தது நான். வெந்த சோயாவை மிதித்துக்கொண்டிருந்தவளிடம், "என்னை மிதிக்கிறதா நெனச்சுக்க, சீக்கிரம் மசியும்" என்றேன். தலைத்துணி நழுவ, பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டாள். வேறு படம் எடு என்று எத்தனையோ முறை திட்டினாள். நான் எடுக்கவே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் பீப்பாய்களை நிரப்பி, விழுது அமுங்குவதற்காக மேலே கல் ஏற்றி வைத்தாள். செர்ரி பூக்கும் முன்னே தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துப் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்கு வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மிசோ இலையுதிர்காலத்தில்தான் பக்குவமாகும். அவள் நிரப்பிய பீப்பாய்களை அவள் படத்தோடு ஒவ்வொன்றாக விற்றேன். கடைசிப் பீப்பாய்க்கு வந்ததும் கை ஓடவில்லை. இன்னும் பழுக்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். அடுத்த குளிர்காலத்தில் நானே புதிதாக நிரப்பினேன். அவற்றைத் திறக்கும்போது பொட்டலத்தில் என் மூஞ்சிதான் வரும்.

வசந்தம் வந்தபோது, சுமியே நடையாய் நடந்து கேட்டுக்கொண்டிருந்த நகோயா நகரத்துப் பெரிய கடை கடைசியில் சம்மதித்தது. ஒரு பெட்டிக்குள் ஒரு சூப்புக்கு வேண்டியதெல்லாம் இருக்க வேண்டுமாம். மிசோ இல்லாவிட்டால் பெட்டியே கிடையாது. நான் நிரப்பியது பழுக்க இலையுதிர்காலம் வர வேண்டும், கையில் இருந்தது அந்தக் கடைசிப் பீப்பாய் ஒன்றுதான். காளான் உலர்த்தும் மிட்சுயோ என் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"பழுக்கலன்னு சொல்றீங்க. வாசம் என் வீடு வரைக்கும் வருது, அண்ணே."

"இதையும் வித்துட்டா அப்புறம் அவ முகம் எங்கயும் இருக்காது, மிட்சுயோ."

"வீட்டுல பூசை மாடத்துல படம் வச்சிருக்கீங்களே?"

"அந்தப் படத்துல அவ செத்துப் போயிட்டா. இதுல வேலை பாத்துக்கிட்டிருக்கா."

இனி நான் செய்யும் மிசோவுக்கும் சுமியே படத்தையே போட்டுக்கொள்ளலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டோம், எல்லாரும் பேசி முடிவு செய்துவிட்டோம் என்றாள் மிட்சுயோ. இசாபுரோகூடத் தலையாட்டினாராம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சரி என்று சொல்லிவிடத்தான் ஆசை. ஆனால் அவள் பெயரை வைத்தே அவள் விதியை எப்படி உடைப்பது? வேண்டாம் என்றேன். மறுநாள் காலை கடைசிப் பீப்பாயின் கல்லை இறக்கினேன். அவள் ஏற்றிய கல், அவ்வளவு கனமாக இருந்தது.

நகோயாக் கடையில் நாங்கள் வரிசையாக நின்று எங்கள் கையாலேயே விற்றோம். அலமாரி முழுக்க, பெட்டிகளின் கண்ணாடிக் காகித மூடி வழியே சுமியே சிரித்தாள். நேரம் போகப் போகக் குறைந்துகொண்டே வந்தாள். எடுத்துப் போகிற ஒவ்வொருவர் மேலும் எனக்கு எரிச்சலாக வந்தது. கடைசிப் பெட்டியை நானே எடுத்துக்கொள்ளலாம் என்று கை நீட்டும்போது, என் வயதுக்காரி ஒருத்தி அதை எடுத்துப் படத்தைப் பார்த்தாள்.

"உங்க வீட்டம்மாவா? முகமே நிறைஞ்சிருக்கு. இன்னைக்கு வரலையா?"

"வேலை இருக்கு. வரல."

"அடுத்த வருஷமும் இவங்க செஞ்சதுதான் எனக்கு வேணும். மறக்காம சொல்லிடுங்க."

"சொல்றேன்."

குனிந்து வணங்கினேன். வாங்கியவர் கண்ணைவிட்டு மறையும் வரை நிமிரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த அம்மாளின் செருப்புச் சத்தம் தூரமாய்ப் போய் ஓய்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மிட்சுயோ என் முதுகில் கை வைத்தாள்.

"அண்ணே, போதும். நிமிருங்க."

என்னால் முடியவில்லை.