பென்சில் புள்ளிகள்

பஸ் டிப்போவில் அவருக்குக் கொட்டாவி அண்ணன் என்று பெயர். நின்றபடியே தூங்குவார். என்ஜினுக்கு அடியில் படுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, மனைவி செத்துப்போன நாளிலிருந்து பொட்டுத் தூக்கம் இல்லை.

இருபத்தாறு வருஷம் அந்த அம்மாள் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து வேதாகமம் வாசித்தாள். இவருக்காகத்தான், சத்தமாக. இவர் ஒரு வார்த்தை காதில் வாங்கியிருந்தால்தானே! "கேக்குறீங்களா?" என்பாள். "ம்" என்பார். அந்த "ம்" முடிவதற்குள் குறட்டை.

இப்போதுதான் ஆசை வந்தது, பாருங்கள், காலம் போன காலத்தில். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அவள் மனசுக்குள் என்ன ஓடியதென்று தெரியாமலே அனுப்பிவிட்டோமே, அதையாவது தெரிந்துகொள்ள வேண்டும். அவளுடைய பைபிளை எடுத்து முன்பக்கத்திலிருந்து புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சில் புள்ளி. சரிதான், அவளுக்குப் பிடித்த வசனங்கள்! ராத்திரிக்கு ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டு விடிய விடியத் தியானித்தார்.

ஒரு புள்ளியில் யாரோ ஒருவருடைய பிள்ளைகளின் பட்டியல். இன்னொன்று பாதி வாக்கியத்திலேயே நின்றது. இன்னொன்றில் ஒரு வாசலின் அகலம், இத்தனை முழமென்று. இதில் என்னத்தைக் கண்டாள்? அந்த முழக்கணக்கோடு மட்டும் மூன்று ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டார்.

நாலாம் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்துவந்த மகளைக் கூப்பிட்டார். "இந்த வாசல் அகலத்துல அம்மாவுக்கு அப்படி என்னம்மா பிடிச்சிருந்தது? எனக்கு ஒண்ணும் எட்ட மாட்டேங்குது."

மகள் புள்ளியைப் பார்த்தாள். முதலில் சிரிப்புதான் வந்தது, பின்னாலேயே அழுகை.

"அப்பா, அது பிடிச்ச இடமில்லப்பா. நீங்க தூங்கிப்போன இடம். குறட்டை கேட்டதும் அம்மா ஒரு புள்ளி வெச்சு மூடிடுவாங்க. மறுநாள் அங்கிருந்துதான் ஆரம்பிப்பாங்க."

"அதுக்கு மேல அவளா படிக்க மாட்டாளா?"

"'உங்கப்பாவ விட்டுட்டு நான் மட்டும் எப்படிடி போறது'ன்னு கேப்பாங்க."

மகள் போய்ப் படுத்தபின் அவர் கடைசிப் புள்ளியைத் தேடினார். புத்தகத்தில் பாதிகூடத் தாண்டவில்லை. அதற்கப்புறம் இருந்த தாள்கள் வாங்கிவந்தபடியே ஓரம் ஒட்டிக் கிடந்தன. நகத்தால் நெம்பி ஒரு தாளைப் பிரித்தார்.

"பாவி, பாவி," என்று தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு கால்மணி நேரம் முழிச்சிருந்தா செத்தா போயிருப்பேன்? இதையெல்லாம் நீ பாக்காமலே போயிட்டியேடி!"

இப்போது படிக்க நேரம் இருந்தது, கண்ணில் தூக்கமும் இல்லை. ஆனால் அவளை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக அவருக்கு மனசு வரவில்லை. பிரித்த தாளைத் திரும்ப மூடி, விரலால் அழுத்தி ஒட்டப்பார்த்தார். அது ஒட்டவில்லை.